தேர்ப் பாட்டு

"இன்னிக்கும் அவளப் பாக்கப் போறீங்களா?"

ஏகநாதன் திரும்பவில்லை. கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுத்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை வேறு! ஜனங்கள் பருப்பு, புளி கேட்டு வருகிற நேரத்தில் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, ஐந்தாவது நாளாக அதே படத்துக்குக் கிளம்பிவிட்டான்.

"சீக்கிரம் வந்துடறேன் சாரதா." அவ்வளவுதான் பதில்.

சாரதாவுக்கு வயிறு எரிந்தது. பாகூரிலிருந்து இரண்டாம் தாரமாக வந்து எட்டு மாதம் ஆகிறது; ஒரு நாள் பீச்சுக்குக்கூட அவளைக் கூட்டிப் போனதில்லை. அந்த மனுஷன் டூரிங் கொட்டகையில் வெள்ளைத் துணியில் ஆடுகிற ஒரு சிங்காரிக்காக இஸ்திரிச் சட்டை போடுகிறான்! அந்தப் படத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மூத்தவள் வசந்தா மேல் அவளுக்குப் பொறாமை வந்ததே இல்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாளே போய்ச் சேர்ந்த புண்ணியவதி. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து ஸ்டூடியோ பக்கமே போகாதவளாம். திதிக்கு அவள் புடவையை வைத்துத்தான் படைக்கிறார்கள். முகமே தெரியாத சக்களத்தியோடு என்ன சண்டை போடுவது? சண்டையெல்லாம் இந்தச் சினிமாக்காரியோடுதான்.

"உன் வூட்டுக்காரரு தேர்ப் பாட்டு வந்தா அழுவுறாராமே?" என்று பக்கத்து வீட்டுக் குப்பு வேறு பற்றவைத்தாள். "பாட்டு முடிஞ்சதும் எழுந்து வந்துடறாராம்."

"எனக்குன்னு ஒரு சொட்டு வுட்டிருப்பாரா அந்த மனுஷன்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

வசந்தா விட்டுப்போன மூன்றரை வயது விஜயகுமாரியைக் குப்புவிடம் விட்டுவிட்டு, சாரதா கொட்டகைக்குப் போய்ப் பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தாள்.

தேர்ப் பாட்டு வந்தது. கதாநாயகி தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, பிரிந்துபோன புருஷனை நினைத்து உருகி உருகிப் பாடினாள். கூடவே நாதஸ்வரமும் அழுதது. பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். படுபாவி, என்னமாய்ப் பாடுகிறாள்! சாரதாவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் ஆத்திரம் இன்னும் ஏறியது.

திடீரென்று ஒரே கூச்சல். "ஐயோ, அதோ எங்க மாமா!" "டேய், நம்ம தெய்வநாயகம்டா!" நாலு வருஷத்துக்கு முன்னால் வில்லியனூர்த் தேரன்றைக்குச் சினிமாக்காரர்கள் வந்து எடுத்த காட்சியாம். ஊர் ஜனமே திரையில் நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏகநாதன் எழுந்து நின்றுவிட்டான். "உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவனுக்குக் காதில் விழவில்லை. அவன் கை திரையின் இடது மூலையை நோக்கி நீண்டது. கதாநாயகியோ நட்ட நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

சாரதா அந்த மூலையைப் பார்த்தாள். கூட்டத்தில் தேங்காய்த் தட்டோடு ஒரு பிள்ளைத்தாச்சி. கேமராவைக் கவனித்தவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி. அந்தக் குழியைத்தான் சாரதா தினமும் விஜயகுமாரிக்குப் பவுடர் போட்டுவிடும்போது பார்க்கிறாள். அதற்குள் ஜனம் அவளை மறைத்துவிட்டது.

சாரதா குழந்தையோடு வீடு திரும்பியபோது ஏகநாதன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கோவிச்சிக்காத சாரதா. இனிமே நான் போவல."

சாரதா விஜயகுமாரியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"நாளைக்கு இவளயும் இட்டுக்கினு போங்க," என்றாள். "பெத்தவ மூஞ்சிய இவளும் பாக்கட்டும்."