வேன் நிறைய அத்தைகள்

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பதினாறு வயதுப் பெண்ணைக் கூட்டிப்போக வந்த தரகரின் வேனில், இப்போது தெருவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. போன வருடம் அவரோடு போன பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து இன்றுவரை ஒரு போன்கூட இல்லை. "புள்ள தங்குற இடத்த நாங்களும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறோம், தம்பி," என்கிறாள் முன் சீட்டில் தையல்கார அத்தை. "இடம் பத்தாதேம்மா!" தரகரின் நெற்றி வேர்வையில் வெயில் மினுங்குகிறது. "மடியில உக்காந்துக்கறோம், நீ வண்டிய எடு!" பின்னால் வளையல்கள் குலுங்குகின்றன. நடுவில் நசுங்கிக் கிடக்கும் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சிரித்தபடியே, இத்தனை நாளும் கேட்கத் தோன்றாததைக் கேட்கிறாள்: "ஆமா, எந்த ஊருக்குண்ணே போறோம்?" வளையல் சத்தம் நிற்கிறது. தரகர் கதவைத் திறந்து, தன் வேனைவிட்டுத் தானே இறங்குகிறார். அத்தை எட்டி ஹாரனை ஒரு அழுத்து அழுத்துகிறாள்.