எலெக்ட்ரான் எந்தப் பக்கம்?

"மன்னிக்கணும், எனக்கு இன்னும் புரியல. அம்புக்குறி வலது பக்கம் காட்டுது. எலெக்ட்ரான் மட்டும் ஏன் இடது பக்கம் போகுது?"

முன்வரிசையில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவன் மறுபடியும் அதையே கேட்டான். கரும்பலகை முன் நின்ற ஹெல்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மாதிரி வகுப்புக்குக் கொடுத்த இருபது நிமிடத்தில் பாதி கரைந்திருந்தது.

வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டித்தே காலம் தள்ளியவள் அவள். இன்று தேறினால் பின்லாந்தின் இந்தச் சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர். விண்ணப்பித்த எல்லோருக்கும் ஒரே தலைப்பு: மின்புலமும், அது மின்னூட்டத்தின் மேல் செலுத்தும் விசையும்.

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்கத்தான் மாட்டார்கள். 'சந்தேகம் இருக்கா?' என்றால் மேசையைக் குனிந்து பார்க்கிற ஊர் இது. அதனால் முதல் கேள்வி வந்தபோது ஹெல்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டவனுக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்கும். அந்த வயதிலும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

"ஹெல்கா, அடுத்ததுக்குப் போயிடலாமே. கணக்கு வேற போடணும்" என்றாள் தேர்வுக்குழுத் தலைவி ரைலி.

"இவருக்குப் புரியாம போக மாட்டேன், ரைலி."

ஹெல்கா பலகையைத் துடைத்து முதலிலிருந்து வரைந்தாள்.

"ரெண்டு தட்டு. நடுவுல ரெண்டு சென்டிமீட்டர். நூறு வோல்ட். வகுத்தா மீட்டருக்கு ஐயாயிரம். இதுதான் புலம். நேர்மின்னூட்டம் எந்தப் பக்கம் தள்ளப்படுமோ, அம்புக்குறி அந்தப் பக்கம். எலெக்ட்ரான் எதிர்மின்னூட்டம். பெருக்கினா விசைக்கு மைனஸ் வரும், திசை திரும்பிடும்."

"மைனஸ் வந்தா ஏன் திரும்பணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹெல்கா சாக்பீஸைக் கீழே வைத்தாள். விடுவதாக இல்லை.

"ஆத்துத் தண்ணி கடலுக்குப் போகுது. மரக்கட்டையைப் போட்டா?"

"தண்ணியோட போகும்."

"சால்மன் மீன்?"

"எதிர்த்து ஏறும்."

"எலெக்ட்ரான நம்ம சால்மன்னு வச்சுக்குங்க. புலம் ஒண்ணுதான். போற பக்கம்தான் வேற."

தேர்வுக்குழுவில் இரண்டு தலைகள் ஆடின. தொப்பிக்காரன் தாடையைச் சொறிந்தான்.

"சரி. ஆனா தட்டுக்கு நடுவுல தண்ணி இல்லையே?"

அதற்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பாதியிலேயே மணி அடித்துவிட்டது. விசைக் கணக்கு பலகை ஏறவே இல்லை. மரியாதைக்கு நாலு பேர் மேசையைத் தட்டினார்கள். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு ஒப்பந்தம் என்று நினைத்தபடி ஹெல்கா மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"அடுத்த விண்ணப்பதாரர், ஒஸ்மோ" என்று கூப்பிட்டாள் ரைலி.

முன்வரிசைக்காரன் தொப்பியைக் கழற்றினான். படிய வாரிய தலை. நேரே பலகைக்குப் போய், ஹெல்கா வைத்துவிட்டுப் போன சாக்பீஸையே எடுத்துக்கொண்டு கணீரென்று தொடங்கினான்.

"நண்பர்களே, ஆத்துல ஒரு சால்மன் எதிர்த்து ஏறுதுன்னு வச்சுக்குவோம். எலெக்ட்ரானும் அப்படித்தான்."

ரைலியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

கதவுப் பிடியில் கை வைத்திருந்த ஹெல்கா திரும்பி வந்தாள். அவன் எழுந்து போன அதே நாற்காலியில் உட்கார்ந்து கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கணும், ஒஸ்மோ. எலெக்ட்ரான் ஏன் இடது பக்கம் போகுதுன்னு எனக்குப் புரியல. இப்பத்தான், அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும், உங்களுக்கும் புரியலையே?"

ஒஸ்மோ தலைவியைப் பார்த்தான்.

"சொல்லுங்க, ஒஸ்மோ" என்றாள் ரைலி. "அவங்களுக்குப் புரியாம அடுத்ததுக்குப் போகக் கூடாது."