ரொதாந்தியின் நகம்

மகள் கல்யாணத்தன்று காலையில் என் மனைவி ரொதாந்தியின் நகம் உடைந்தது.

இடது கை நடுவிரல் நகம். கார் கதவில் மாட்டிக்கொண்டதாம்.

கிரீட் தீவில் அன்று இதைவிடப் பெரிய துக்கச் செய்தி வேறு இருந்திருக்காது. அவள் வாசிக்கும் லீரா என்ற வில் வாத்தியத்துக்கு மூன்றே தந்திகள். அவற்றை விரலால் அழுத்துவதில்லை. நகத்தின் முதுகைத் தந்தியின் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, மறுகையால் வில்லை இழுக்க வேண்டும். நகம் போனால் பாட்டும் போயிற்று.

அவள் முதன்முதலாக லீராவை முழங்காலில் நிறுத்தியபோது, பொம்பளை வாசிப்பதா என்று பாதிரியார் எழுந்து போனார். இப்போது அவள் தேதி கொடுத்த பிறகுதான் அவரே கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார்.

அந்த நகங்களுக்காக எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான். ஆடு கறப்பது நான். கச்சேரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து லாவுதோ என்ற தந்தி வாத்தியத்தை மீட்டித் தாளம் கொடுப்பதும் நான்தான்.

"ஸ்டமாதி, நகத்தையும் நீயே வளத்திருக்கலாமேடா!" என்றான் மாப்பிள்ளையின் சித்தப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊர் கொள்ளாத கூட்டம் வந்திருக்கிறது. லீரா இல்லாமல் கல்யாணமா?

வேறு வழியில்லாமல் பக்கத்து ஊர் லீராக்காரன் வார்திஸுக்குப் போன் போட்டேன். அவனும் ரொதாந்தியும் எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள். கல்யாண சீசனில், அதுவும் சனிக்கிழமை, சும்மா இருப்பானா?

இருந்தான். நான் பாதி சொல்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

நன்றாகவும் வாசித்தான், படுபாவி.

ரொதாந்தி ஆடினாள்.

இந்த மலையில் எல்லோரையும் ஆட வைத்தவள், தான் ஒரு கல்யாணத்திலும் ஆடியதில்லை. வாசிக்கிறவள் எப்படி ஆடுவாள்? மகளின் தோளைப் பிடித்து வட்டத்தில் நுழைந்தவள், முதல் சுற்றிலேயே கால் மாற்றி வைத்தாள். அடுத்த சுற்றில் செருப்பை உதறி எறிந்தாள். மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் மூச்சு வாங்கி ஒவ்வொருவராக விலகினார்கள். அவள் விலகவில்லை.

நான் வாயைப் பிளந்து பார்த்ததில் தாளம் தப்பியது. வார்திஸ் முறைத்தான்.

அவன் வில்லைக் கீழே வைத்ததும் ஓடிப்போய் அவனுக்கு ராக்கிச் சாராயம் ஊற்றினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசி நேரத்துல கூப்பிட்டும் ஓடி வந்து மானத்தக் காப்பாத்தின, வார்தி."

அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான்.

"கடைசி நேரமா? ஈஸ்டருக்கே உம் பொண்டாட்டி வீடு தேடி வந்து சொல்லிட்டாளே, இன்னிக்கு வேற எங்கயும் ஒத்துக்காதேன்னு."