எருமை இடித்த மட்கார்டு

"எண்ணூர் ரோட்டுல எருமை குறுக்கே வந்துடுச்சு பாய். அடிபட்டதே தெரியக் கூடாது" என்றார் காரின் சொந்தக்காரர்.

ராயபுரத்தில் தகடு தட்டி கார்களுக்கு உருவம் கொடுக்கும் அத்தாவுல்லா, கண்ணை மூடி மட்கார்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். பள்ளத்தின் நடுவில் கை நின்றுவிட்டது.

"ரெண்டு நாள் வுட்டுட்டுப் போ சார். புச்சு மாரி ஆக்கித் தரேன்."

மூன்றாம் நாள் வந்தவர் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு நெளிவுகூட இல்லை. "பிரமாதம்! ஆனா இனிமே இதெல்லாம் மிஷினே அடிச்சுத் தள்ளிடும் பாய். உங்க சுத்திக்கு வேலை இருக்காது."

"இருக்காதுதான் சார்."

கார் கிளம்பியதும் மனைவி ரஹீமுன்னிசா பட்டறைக்குள் வந்து வெடித்தாள். "என் தம்பிய அடிச்சுப் போட்டுட்டு நிக்காம போன வண்டி இதுதான்னு நீயே சொன்னே. இப்ப தடயத்த அழிச்சுக் குடுத்துட்டியே, நீயும் ஒரு மனுசனா?"

அத்தாவுல்லா மூலையில் கிடந்த கோணியை விலக்கினார்.

"அந்தாளு ஓட்டிகினு போறது நான் புச்சா அடிச்ச மட்கார்டு. அவன் இட்ச்சது இங்க கீது. வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

பழைய மட்கார்டு பள்ளத்தோடு அப்படியே கிடந்தது. அதன் மடிப்பில் ஒட்டியிருந்தது, மச்சானின் கல்யாணத்துக்கு வாங்கிய சைக்கிளுக்கு அவரே அடித்துக் கொடுத்த பச்சை பெயிண்ட்.