அடிவரிசைக் கற்கள்

நாலாவது அலையிலேயே கடலோரத் தெரு முழுசாகப் போய்விட்டது. பொறியாளர் கையிலிருந்த காபியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எல்லாத்தையும் எடுத்து வச்சு இன்னொரு தடவை விடும்மா," என்றார்.

உதவிப் பொறியாளர் கண்ணாடித் தொட்டிக்குள் கைவிட்டு, மிதந்துகொண்டிருந்த மர வீடுகளைப் பொறுக்கி எடுத்தாள். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிறவள், காலையில் வானிலை நிலையத்தோடு போனில் பேசியதிலிருந்து உம்மென்றே இருந்தாள்.

ஊரைக் காக்கும் கல் சுவர் அவர் வடிவமைத்தது. கட்டி முடித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதன் குட்டி உருவம்தான் தொட்டிக்குள் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்துக் கடல் உயர்ந்த பிறகும் அது நிற்குமா என்று இன்றைக்குப் பார்த்துவிடச் சொல்லியிருந்தார்.

சுவரையும் வீடுகளையும் அடுக்கி முடித்ததும் மறுபடி அலை கிளம்பியது. வரிசைக்கொரு நிறம் பூசியிருந்த கற்களில், அடிவரிசைச் சிவப்புக் கல் ஒன்று லேசாக அசைந்தது. அது உருண்டதுதான் தாமதம், மேலே இருந்த மஞ்சள் கற்கள் மளமளவென்று சரிந்தன. தண்ணீர் உள்ளே புகுந்து வீடுகளைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

போன் அடித்தது. அக்கா. சுவரை ஒட்டிய முதல் தெருவில்தான் அவள் வீடு.

"ஏண்டா, ஏதோ புயல்ங்கறாங்களே? பொண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிட்டு இங்கே கிளம்பி நிக்கிறாங்க. வரச் சொல்லட்டுமா, வேணாமா?"

"தாராளமா வரச் சொல்லுக்கா. இந்தப் புயலெல்லாம் என் சுவருக்கு ஜுஜுபி."

"அப்பாடா! நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்டா எனக்கு."

போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த வீடுகளில் ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு சிரித்துச் சமாளித்தார்.

"சரி விடு. இன்னும் ஐம்பது வருஷம் இருக்கு, அதுக்குள்ள பெரிய கல்லாப் போட்டு உயர்த்திக்கலாம். இதுக்குப் போய் ஏம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

அவள் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"ஐம்பது வருஷத்து அலையை நான் இன்னும் விடவே இல்ல சார். இது நாளைக்கு வர்றது."