காயலுக்கு வந்த மழை

"மழையைத் தாரும் ஆண்டவரே, காயல் நிறையட்டும்!" என்று காலையில் சத்தமாகவே ஜெபித்தான் அக்பெகோ. ஊரை ஒட்டிய கேட்டா என்னும் காயல் வற்றிப்போய், மூன்று மாதமாக அவன் வலை நனையவில்லை.

அவன் மனைவி டெலாலிக்கு ஆத்திரம் வந்தது. வற்றிய காயலில் அவள் இத்தனை நாள் வாரிய உப்பு அங்கேயே குவிந்து கிடந்தது.

"என் பொழப்புல மண்ணைப் போடத்தான் ஜெபமா, செனா அப்பா? வெள்ளிக்கிழமை உப்பு ஏத்த லாரி வருது. நாலு நாள் பொறுக்கக் கூடாதா?"

"உன் லாரி வர்ற நாளு மேகத்துக்குத் தெரியுமா? எனக்கு மீன் வேணும்."

அவள் சாக்கு வாங்கச் சந்தைக்குப் போனாள். மதியம் வானம் கறுத்து, பெருமழை பிடித்துக்கொண்டது.

'அந்த மனுஷன் இப்போ வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்கும்' என்று அழுதபடியே காயலுக்கு ஓடினாள்.

உப்புக் குவியல்மேல் அவன் படகின் பாய் விரிந்திருந்தது. அது காற்றில் பறந்துவிடாமல், கைகால்களைப் பரப்பி அதன்மேல் குப்புறப் படுத்திருந்தான் அக்பெகோ.

"அதான் ஜெபம் பலிச்சிருச்சே... இங்க என்ன பண்றீங்க?" என்றாள் டெலாலி.

"அப்புறம் பேசலாம்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "முதல்ல அந்த மூலையைப் பிடி, தண்ணி உள்ள போகுது."