யாருடையது என்று தெரியவில்லை

"யாருடையதுன்னு தெரியலையா? கையில வாங்கி வச்சதே நீங்கதானே மேடம்?"

பெரியவர் போட்ட சத்தத்தில் அருங்காட்சியகத்தின் கண்காட்சிக் கூடமே திரும்பிப் பார்த்தது. திறப்பு விழா அப்போதுதான் முடிந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய தராசு. பக்கத்தில் மரப்பெட்டியில் வரிசையாகப் பித்தளை எடைக்கற்கள். கீழே ஒரு லேபிள்: 'மருந்துக்கடைத் தராசு. யாருடையது என்று தெரியவில்லை.'

காப்பாட்சியர் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "வேலை மும்முரத்துல எப்படியோ தப்பாயிடுச்சு சார்."

"ஊரே தெரிஞ்ச மனுஷனை அநாதை ஆக்கிட்டீங்களே."

கண்ணாடிப் பெட்டிகளைப் பொருத்திய தச்சருக்கே எரிச்சலாக வந்தது. பெரியவரின் அப்பா, மருந்துக்கடைப் பொட்டலக்காரரைத் தெரியாதவர்கூட உண்டா? பொடியை எடை போட்டு அவர் மடித்துக் கொடுக்கும் பொட்டலம், பைக்குள் கிடந்து எத்தனை உருண்டாலும் பிரியாது. அதனாலேயே அந்தப் பேர். படித்து என்ன, பதவியில் உட்கார்ந்து என்ன, இவ்வளவு அசட்டையா ஒரு மனுஷிக்கு என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்வாசல் வழியாகச் சின்னவர் வரவேண்டும்? பெரியவரின் கூடப்பிறந்த தம்பி. போச்சுடா என்று தச்சர் ஏணியை ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

விஷயம் இதுதான். அப்பா போனபிறகு பாகம் பிரித்ததில் தராசு அண்ணனுக்கு, எடைக்கற்கள் தம்பிக்கு என்று ஆனது. கல் இல்லாத தராசை வைத்துக்கொண்டு அண்ணன் என்ன செய்தார்? தராசு இல்லாத கல்லை வைத்துக்கொண்டு தம்பிதான் என்ன செய்தார்? ஒன்றுமில்லை. இருவரும் வீம்புக்கு வைத்திருந்தார்கள். அன்றோடு பேச்சும் நின்றது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வந்தால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மூன்று மாதம் நடக்கப்போகும் 'எடையும் அளவும்' கண்காட்சிக்கு இரண்டையும் இரவல் கேட்டபோதும் அதே வீம்புதான். "என் பேர்தான் முதல்ல வரணும். இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று அண்ணன். அட்சரம் பிசகாமல் அதையே தம்பியும். யார் தூக்கிக்கொண்டு போனாலும் கூடத்தின் நடுப்பெட்டி அரைகுறையாக நிற்கும்.

சின்னவர் லேபிளைப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன மேடம் இது? எங்கப்பாவைத் தெரியாதா உங்களுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்," என்றார் பெரியவர். தம்பியிடம் இல்லை, கண்ணாடிப் பெட்டியிடம்.

"மன்னிச்சுக்கங்க. ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்து விவரம் சொல்லுங்க. மாத்திடறேன்."

அவர் காட்டிய இடத்தில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. இந்த முனையில் அண்ணன், அந்த முனையில் தம்பி. நடுவில் ஒரு குடும்பமே உட்காரலாம்.

"தராசைத் தொடறதுக்கு முன்னாடி கை கழுவுவார்னு எழுதிக்கங்க," என்றார் தம்பி.

"கழுவினா மட்டும் போதாது. ஈரம் காயற வரைக்கும் சும்மா நிப்பார். அதையும் எழுதுங்க."

"காத்துக்குத் தட்டு ஆடும்னு ஃபேனை அணைக்கச் சொல்லுவார். நான்தான் அணைப்பேன்."

"எங்கே அணைச்சே? சுவிட்ச் உனக்கு எட்டவே எட்டாது. ஸ்டூல் மேல ஏறுவே."

"அந்த ஸ்டூல் ஒரு பக்கமா சாயுமே. யாரு பிடிச்சுக்கிட்டது?"

"நான்தான்டா."

சொன்ன பிறகுதான் பெரியவருக்கே உறைத்தது, தம்பியோடு பேசிவிட்டோம் என்று. சின்னவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

காப்பாட்சியர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ யார் பேரை முதல்ல போடட்டும்?"

"எங்க பேர் எதுக்கு மேடம்?" என்றார் அண்ணன். "அப்பா பேர் இருந்தா போதும்."

"பொட்டலக்காரர்னே போடுங்க," என்றார் தம்பி. "அப்பதான் எல்லாருக்கும் தெரியும்."

அதற்குள் விஷயம் காதுக்கு எட்டி இயக்குநர் வந்துவிட்டார். அத்தனை பேர் எதிரிலும் காப்பாட்சியரைக் காய்ச்சி எடுத்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு லேபிள் ஒழுங்கா எழுதத் தெரியலையா?"

"தப்புதான் சார்."

"விடுங்க சார். மனுஷங்கன்னா மறதி வரத்தான் செய்யும்," என்று சண்டைக்கு வந்த பெரியவரே பரிந்து பேசினார். பிறகு திரும்பி, "வாடா, ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்," என்றார்.

போனார்கள். வாசலில் தம்பி ஏதோ சொல்ல, அண்ணன் சிரித்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் தச்சர் வந்தார். "புது லேபிள் அடிச்சு வர நாளாகுமே. அதுவரைக்கும் இதைத் துணி போட்டு மூடிடவா மேடம்?" குரலில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

காப்பாட்சியர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு லேபிளை எடுத்து நீட்டினார். மூலைகளில் ஆணிக்குத் துளைகூடப் போட்டுத் தயாராக இருந்தது. 'மருந்துக்கடைப் பொட்டலக்காரரின் தராசும் எடைக்கற்களும். தந்து உதவியவர்கள்: அவருடைய பிள்ளைகள்.'

தச்சர் லேபிளைப் பார்த்தார். நிமிர்ந்து காப்பாட்சியரைப் பார்த்தார். போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். பழையதைக் குப்பைக்கூடையில் போடப் போனார்.

"அதைப் போட்டுடாதீங்க," என்றார் காப்பாட்சியர். "முதல் வரியை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தைப் பத்திரமா வைங்க. அடுத்த கண்காட்சிக்கு ஒரு தையல் மெஷின் வருது. மெஷின் அக்கா வீட்டுல இருந்து, ஸ்டாண்டு தங்கச்சி வீட்டுல இருந்து."